ஆறாம் பாத்தியின் ஜோடிகள்

"செவ்வாய்க்கிழமை, காலை 6.40. மரக்காணம் உப்பளம், ஆறாம் பாத்தி. தண்ணீர் பதின்மூன்று டிகிரி. தெற்குக் காற்று, லேசாக. முட்டைப்பை உள்ளவை மட்டும் எடுக்கப்பட்டன. இரண்டு இரண்டாகச் சிக்கிக் கிடந்தவை பாத்தியிலேயே கொட்டப்பட்டன."

என் களக் குறிப்பேட்டில் ஒரு சித்திரை மாதத்துப் பக்கம் இது. கிழமை சரி, நேரம் சரி, டிகிரி, அதாவது தண்ணீரின் உப்பு அளவு, சரி. காற்றுகூடச் சரி. கடைசி வரியில் இருக்கும் தவறால் ஒரு பெண்ணின் நான்கு வருட உழைப்பு ஒரு வியாழக்கிழமை மதியம் தலைகீழாகப் புரண்டது. அந்த வரியை எழுதியவன் நான்.

விலங்கியல் துறையில் களப்பணிக்கு இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் நீங்கள் ஐந்து பேரும் என்னிடம் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னீர்கள். வலையை எப்படிப் பிடிப்பது, பாட்டிலை எப்படி மூடுவது என்பதெல்லாம் துறையின் செய்முறைக் கையேட்டில் இருக்கிறது. அதை நான் திருப்பி எழுதப் போவதில்லை. சேர்ந்த புதிதில் லேபிள்களைப் பால்பாயின்ட் பேனாவால் எழுதினேன். ஸ்பிரிட் மையைத் தின்றுவிட்டது. ஒரு பெட்டி நிறைய பாட்டில்களில் வெற்றுக் காகிதம் மிதந்தது. இந்த வகைத் தவறை நீங்களும் ஒரு முறை செய்வீர்கள், பென்சிலுக்கு மாறுவீர்கள், மறந்துவிடுவீர்கள். நான் சொல்ல வந்தது வேறு வகை. சொன்ன வேலையைச் சொன்னபடி, ஒரு நாள்கூடத் தவறாமல் செய்ததால் வந்த தவறு.

ஓய்வு பெறுவதற்குச் சுமார் இரண்டு வருடம் முன்பு நடந்தது. யமுனா என்ற ஆய்வு மாணவி அப்போது முனைவர் பட்ட வேலையின் கடைசிக் கட்டத்தில் இருந்தார். அவருடைய விலங்கு, உப்பளங்களில் வாழும் ஒரு சின்ன இறால் வகை. விரல் நகத்தின் நீளம்கூட இருக்காது. முதுகைக் கீழே போட்டுக்கொண்டு நீந்தும். துறையில் அதற்கு ஆர்ட்டீமியா என்று பெயர். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அது பூச்சி. கடலைவிடப் பல மடங்கு உப்பான தண்ணீரில், மீன் செத்துப்போகிற இடத்தில், அது குடும்பம் நடத்தும். எவ்வளவு உப்பு வரை தாங்கும், எந்த உப்பில் எத்தனை குஞ்சு போடும் என்பதுதான் யமுனாவின் ஆய்வு.

அதில் இன்னொரு கேள்வியும் இருந்தது. இந்தப் பூச்சியில் ஒரு வகைக்கு ஆணே கிடையாது. பெண்கள் தாமாகவே குஞ்சு போடும். நம் பக்கத்து உப்பளங்களுக்கு உரியது அந்த வகைதான் என்பார்கள். இன்னொரு வகை அமெரிக்காவிலிருந்து வருவது. அதில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. கடலோரத்து இறால் குஞ்சுப் பண்ணைகளில் தீனிக்காக அதன் முட்டையை டின்னில் வாங்குகிறார்கள். வெளியே தப்பினால் உள்ளூர் வகையைத் துரத்திவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மரக்காணத்தில் இன்னும் உள்ளூர் வகை பிழைத்திருக்கிறது என்பதுதான் யமுனாவின் ஆய்வேட்டில் இரண்டாம் அத்தியாயம். துறையில் எல்லோரும் அதைத்தான் பெரிய விஷயமாகப் பேசினார்கள்.

முதல் வருடம் அவரே வாரா வாரம் உப்பளத்துக்கு வந்தார். பிறகு ஆய்வகத்தில் தொட்டிகள் நிறைந்தன. மூன்று வேளை தீனி போட வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும். நகர முடியவில்லை. உப்பளம் முழுக்க என் பொறுப்பானது. ஒரு காகிதத்தில் என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்: முட்டைப்பை உள்ளவை, தனியாக நீந்துபவை, அடிபடாதவை. குஞ்சு எண்ணும் சோதனைக்கு அவைதான் தேவை. அந்தக் காகிதத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு மொபெட் பெட்டியில் வைத்துக்கொண்டேன். இரண்டு பருவம், அந்தக் காகிதத்தில் இருந்து இம்மியும் விலகவில்லை.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்குப் படிக்கிற பழக்கம் உண்டு. பழைய மாவட்டக் குறிப்பேடுகள், உப்புச் சட்ட வரலாறு, பறவைகள், கடல் அலைகள் என்று நூலகத்தில் கைக்குக் கிடைத்ததை எல்லாம் படிப்பேன். மரக்காணத்தில் உப்பு எடுப்பதைப் பற்றி எங்கே என்ன எழுதியிருந்தாலும் தேடிப் பிடித்துவிடுவேன். ஆனால் யமுனா தன் ஆய்வைப் பற்றித் துறைக் கருத்தரங்கில் பேசியபோது நான் வெளியே ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை. பூச்சியைத்தான் தினமும் பார்க்கிறோமே என்று ஒரு தைரியம்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கத் திங்கட்கிழமை கடைசி நாள். ஏற்கெனவே ஒரு முறை நீட்டித்தாயிற்று. திண்டிவனம் பக்கம் ஒரு கல்லூரியில் யமுனாவுக்கு வேலை தயாராக இருந்தது. சமர்ப்பித்ததற்கான சான்றிதழை மாத முடிவுக்குள் கொடுத்தால் சேரலாம். வியாழக்கிழமை காலை ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களை என்னிடம் கொடுத்தார். மாதிரி எடுத்த நாட்களின் பட்டியல் அது. என் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுத் தேதி சரியா என்று பார்க்க வேண்டும். இந்த வேலைக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது என்று துறையில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

இரண்டு தேதி மாறியிருந்தது, திருத்தினேன். வேலை பதினொன்றரைக்கே முடிந்துவிட்டது. மீதிப் பக்கங்கள் மேசையில் கிடந்தன, புரட்டினேன். இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு வரி: இரண்டு பருவங்களில் சேகரித்த எந்த மாதிரியிலும் ஆண் காணப்படவில்லை. எதிர்ப் பக்கத்தில் ஒரு படம். அமெரிக்க வகையின் ஆண் எப்படி இருக்கும் என்பதைக் காட்டுவதற்கு. தலையில் கொக்கி போல இரண்டு தடித்த கொம்புகள். அவற்றால் பெண்ணைப் பின்னாலிருந்து இடுப்போடு பிடித்துக்கொண்டு, இரண்டும் ஒன்றாக நீந்துகின்றன.

அந்தப் படத்தை நான் இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாம் பாத்தியில், வாரம் ஒரு முறை.

நெரிசலில் ஒன்றோடொன்று கால் சிக்கிக்கொள்கிறது என்று நானாக ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். தனியாக நீந்துபவை என்று காகிதத்தில் இருந்ததால், சிக்கியவற்றை வடிகட்டிக் கொட்டிவிட்டேன். ஜோடி சேராத ஆண்களுக்கு முட்டைப்பை கிடையாது, அவையும் தானாகவே கழிந்துவிட்டன. ஆய்வகத்துக்கு வந்த ஒவ்வொரு பாட்டிலிலும் பெண்கள் மட்டும். எடுத்த எனக்கு அது ஏன் என்று தெரியாது. எழுதிய யமுனாவுக்கு நான் எப்படி எடுத்தேன் என்று தெரியாது. என் குறிப்பேட்டிலிருந்து அவர் நகல் எடுத்தது நாள், நேரம், டிகிரி என்ற மூன்று பத்திகளை மட்டுமே.

டீக்கடைக்குப் போனேன். இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன், அதையும் குறித்து வைத்திருக்கிறேன். என் மனதில் என்ன ஓடியது என்று உங்களிடம் மறைக்க மாட்டேன். தேதி பார்க்கச் சொன்னார்கள், பார்த்தாயிற்று. எந்தத் தேர்வாளரும் மரக்காணத்துக்கு வந்து வலை போடப் போவதில்லை. அந்தப் பெண்ணுக்குத் திங்கட்கிழமையோடு எல்லாம் முடிகிறது. அதே சமயம் கைப்பேசியில் வானிலைச் செய்தி: வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து கடலோரத்தில் கனமழை. மழை இறங்கினால் பாத்தியில் மழைத்தண்ணீர் நிற்கும், பூச்சி செத்துப்போகும். அடுத்த பருவம் வரை எந்தச் சந்தேகத்தையும் யாரும் தீர்க்க முடியாது. சும்மா இருந்தால் ஒரே நாளில் மழையே எல்லாவற்றையும் கழுவிவிடும். டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தேன்.

யமுனா ஆய்வகத்தில் பிரின்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"யமுனாம்மா, கொஞ்சம் வெளிய வாயேன்."

"இன்னாண்ணா, தேதி எதுனா தப்பா இருக்குதா?"

"தேதியெல்லாம் சரிதாம்மா. பூச்சிதான் தப்பு."

சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. சொன்னேன். குறிப்பேட்டைத் திறந்து வரியைக் காட்டினேன். ஒரு பக்கம் இல்லை, பத்துப் பன்னிரண்டு பக்கம், அதே வரி.

"ஜோடியாவா இருந்துது? நல்லாப் பாத்தீங்களா?"

"உன் ஆய்வேட்டுல இருக்கற படம் மாதிரியே."

"எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கீங்க." குரல் உயர்ந்தது. "ரெண்டு வருஷமா எழுதி வெச்சிருக்கீங்க! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னாண்ணா?"

அவர் குறிப்பேட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சட்டென்று எழுந்தார். நான் எதிர்பார்த்தது அழுகை. வந்தது வேறு.

"அதனாலதான் நின்னுடுச்சு!"

"எது?"

"குஞ்சுங்கண்ணா! எந்தத் தொட்டியில வுட்டாலும் மொத தடவ போடும், அப்புறம் நின்னுடும். உப்பு கம்மியா வெச்சாலும் நிக்குது, ஜாஸ்தியா வெச்சாலும் நிக்குது. தீனிய மாத்துனேன். காத்துக் குழாய மாத்துனேன். ஜூனியரு ஒழுங்கா தண்ணி மாத்தலன்னு அந்தப் பொண்ண அழ வெச்சேன். மொத தடவ போட்டது பாத்தியிலயே ஜோடி சேந்ததுனால. அப்புறம் ஆம்பள இல்லாம எங்கேருந்து போடும்?"

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு வருடமாக அவருடைய தொட்டிகள் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தன. அவர் அதை ஆய்வகச் சூழலின் கோளாறு என்று ஓர் அடிக்குறிப்பில் ஒதுக்கியிருந்தார். நான் பாத்தியில் ஒதுக்கியது மாதிரி. அந்த அடிக்குறிப்பையும் என் குறிப்பேட்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் ஒரே நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும். இரண்டும் ஒரே கட்டடத்தில், இரண்டு அலமாரியில் இருந்தன.

யமுனாவின் நெறியாளரிடம் போனோம். அவர் பெயரை எழுதப் போவதில்லை. துறையில் எல்லோரும் மேடம் என்றுதான் சொல்வோம், இங்கும் அப்படியே இருக்கட்டும். முழுவதையும் கேட்டார். முதலில் என் பக்கம்தான் திரும்பினார்.

"நீங்க சொல்லலன்னா இது யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதுங்க மேடம்."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"நான் கொண்டாந்த பாட்டிலுங்க மேடம்."

தலையசைத்தார். பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. யமுனாவிடம் கேட்டார்: "திங்கக்கெழம சப்மிட் பண்ணணும்னா பண்ணலாம். பார்ம் எங்கிட்ட இருக்குது, இப்பவே கையெழுத்துப் போடறேன். ஆனா அந்த ரெண்டாவது சாப்டர் உண்மையா, பொய்யா?"

"தெரியல மேடம்."

"தெரியலன்னா எழுதலாம், தப்பில்ல. தெரியாதத தெரிஞ்ச மாதிரி எழுதக் கூடாது. உங்கிட்ட எவ்ளோ நேரம் இருக்குது?"

"நாளைக்கி மத்தியானம் மழன்றாங்க."

"அப்ப இங்க இன்னா பண்ணிகினு இருக்கீங்க ரெண்டு பேரும்?"

வெள்ளிக்கிழமை அதிகாலை ஐந்து பத்துக்கு மொபெட்டில் கிளம்பினோம். அனுமந்தை தாண்டும்போதே படகுகளை மேட்டுக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். கிழக்கே வானம் ஈயம் மாதிரி. உப்பளத்தில் ஆட்கள் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். மழைக்கு முன்னால் குவித்த உப்பைக் கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூட வேண்டும். நன்றாகக் காய்ந்து முற்றிய தண்ணீரை மழை கெடுக்காமல் ஆழமான குழிக்கு இறக்கிக் காப்பாற்ற வேண்டும். அப்படி இறக்கினால் மழை விட்ட பிறகு பாதி வேலை மிச்சம். ஆறாம் பாத்தியின் வரப்பை ஏற்கெனவே வெட்டிவிட்டிருந்தார்கள். தண்ணீர் சளசளவென்று போய்க்கொண்டிருந்தது. கணுக்கால் அளவுதான் பாக்கி.

அந்தப் பக்கத்து ஆட்களுக்கு மேஸ்திரி அஞ்சலை என்ற அம்மாள். இருபது வருடத்துக்கு மேல் அங்கே உப்பு வாருகிறவர். கையில் மண்வெட்டியோடு வரப்பின் மேல் நின்றிருந்தார்.

"இன்னா பூச்சிக்காரரே, இன்னிக்கி வெள்ளிக்கெழமயாச்சே. உன் நாளு செவ்வாதானே?"

"அஞ்சல, அந்த மடைய ஒரு அர மணி நேரம் அடைச்சுத் தாயேன்."

"வெளயாடறியா? மானத்தப் பாரு. தண்ணி போவலன்னா மொதலாளிக்கு யாரு பதில் சொல்றது, உன் பூச்சியா?"

யமுனா செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் ஏறி அவர் முன்னால் போய் நின்றார். "அக்கா, நாலு வருஷம் படிச்சது இந்தப் பாத்தியிலதான் இருக்குது. அது தப்பா சரியான்னு இன்னிக்கி பாக்கலன்னா அடுத்த வருஷந்தான்."

அஞ்சலை யமுனாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு இரண்டு வெட்டு மண்ணை மடையில் போட்டார். "கா மணி நேரம். அதுக்கு மேல நான் நிக்க மாட்டேன், மழயும் நிக்காது."

மடையின் வாய் அருகே பூச்சிகள் சிவப்பாக ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. என் கை பழக்கத்தில் அங்கேதான் போனது. ஒரே முழுக்கில் பாட்டில் நிறைந்துவிடும்.

"அண்ணா, அங்க வேணாம்."

"நேரம் இல்லம்மா."

"தண்ணி இழுத்துகினு வந்ததுல எது கனமோ அது மொதல்ல ஒதுங்கும். அங்க அள்ளுனா மறுபடியும் பொறுக்கி எடுத்த மாதிரிதான். நீங்க கண்ண மூடிக்கோங்க."

அவசரத்திலும் அந்தப் பெண்ணுக்கு அது தோன்றியது. நாற்பது வருடப் பழக்கம் உள்ள கையைவிட ஓர் இளம் பெண்ணின் பதற்றம் அன்று தெளிவாக இருந்தது. நெருக்கடி வரும்போது நம் கை தனக்குத் தெரிந்ததையே செய்யப் பார்க்கும். அந்தக் கையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

யமுனா பாத்திக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, மூடிய காலி பாட்டில் ஒன்றைத் தலைக்கு மேலாகப் பின்பக்கம் வீசினார். அது விழுந்த இடத்துக்கு நான் நடந்து போனேன். கண்ணை மூடிக்கொண்டு சின்ன வாளியை ஒரு முறை முக்கினேன். வந்ததை எல்லாம், பெரிசு சிறிசு பார்க்காமல், மண்ணும் தூசியுமாக வடிகட்டி ஸ்பிரிட்டில் போட்டோம். மறுபடி வீசினார். ஐந்து முறை. உப்பை மூடிக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"கண்ண மூடிகினு அள்றதுக்கு யுனிவர்சிட்டி எதுக்கு?" என்றார் அஞ்சலை. "எங்க ஊட்டுக்காரரு டெய்லி அதத்தான் பண்ணுது."

சிரிப்பு அடங்கியதும் ஆறாவதாக ஒரு வாளி முக்கினோம். அதைப் பாட்டிலில் போடவில்லை. வெள்ளைத் தட்டில் ஊற்றி வரப்பில் வைத்தோம். கலங்கல் தெளிய ஒரு நிமிடம் ஆனது. முதலில் தனியாக நீந்துபவை தெரிந்தன. அப்புறம் அவை. ஒன்றின் முதுகில் ஒன்று பற்றிக்கொண்டு, இரண்டும் ஒரே உடம்பு போலத் திரும்பின. பிறகு இன்னொரு ஜோடி. பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டோம்.

யமுனா குத்துக்காலிட்டு உட்கார்ந்து தட்டின் மேல் குனிந்திருந்தார். நான் பாட்டில்களின் மூடியை இரண்டாம் தடவை இறுக்கினேன்.

"நாலு வருஷமா இதப் பத்தி எழுதறேண்ணா," என்றார். "இன்னிக்குதான் பாக்கறேன்."

அஞ்சலையும் குனிந்து பார்த்தார். "இந்த ஜோடிப் பூச்சிக்கா இவ்ளோ அமக்களம்? இது ரெண்டு வருஷமாவே இருக்குதே. மின்னதான் இல்ல."

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம்.

"மின்ன இல்லியா? எப்ப இல்ல?" என்றேன்.

"எம் பொண்ணு கல்யாணத்துக்கு மின்ன இல்ல. அப்பல்லாம் ஒத்தப் பூச்சிதான். அப்புறம் எறாப் பண்ணை டெம்போக்காரன் ஒருத்தன் வந்து வாய்க்கால்ல டிரம்மு கழுவிகினு இருந்தான். நான்கூட சத்தம் போட்டு துரத்துனேன். அதுக்கு அப்புறந்தான் இது."

"ஏங்க்கா எங்ககிட்ட சொல்லவேயில்ல?" என்றார் யமுனா.

"நீ வந்தியா, கேட்டியா? இந்த சாரு வருவாரு. டிகிரி பாப்பாரு. நோட்டுல எழுதுவாரு. வண்டிய எடுத்துகினு போவாரு. ஒரு தபா, ஒரே ஒரு தபா, ஏம்மா அஞ்சல, பூச்சி எப்பிடி இருக்குதுன்னு வாயத் தொறந்து கேட்டிருப்பாரா?"

கேட்டதில்லை. இரண்டு பருவம், வாரம் ஒரு முறை, அந்த அம்மாளுக்கு நான் வணக்கம் சொன்னதைத் தவிர வேறு பேசியதில்லை. காற்று எந்தத் திசை என்று எழுதியவன், அந்தத் தண்ணீரில் தினமும் காலை வைத்து நிற்கிறவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. உங்கள் கையேட்டில் ஒரு பக்கம் சேர்க்க முடியுமானால் இதைச் சேருங்கள்.

அஞ்சலை மண்வெட்டியை எடுத்து மடையைத் திறந்தார். வானிலைச் செய்தி சொன்னதற்கு முன்பே, எட்டு இருபதுக்கு முதல் துளி விழுந்தது. திரும்பும் வழியில் அனுமந்தை வரும்போது சாலையே தெரியவில்லை. யமுனா ஐந்து பாட்டில்களையும் தன் மழைக்கோட்டுக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு, முழுக்க நனைந்தபடி பின்னால் உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை ஆய்வேடு சமர்ப்பிக்கப்படவில்லை. மேடம் தானே போய் நீட்டிப்புக் கேட்டு, தானே காரணத்தை எழுதிக் கொடுத்தார். திண்டிவனம் வேலை போயிற்று. அந்தக் கல்லூரியிலிருந்து தொலைபேசி வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். "இல்லீங்க சார், இன்னும் சப்மிட் பண்ணல" என்று மட்டும் யமுனா சொன்னார். போனை வைத்துவிட்டுத் தொட்டிக்குத் தீனி போடப் போனார். அந்தப் பக்கம் நானும் பார்க்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து வேலை. ஐந்து பாட்டிலையும் ஒவ்வொன்றாக எண்ணினோம். ஆண்கள் இல்லாத பாட்டில் ஒன்றுகூட இல்லை. மரபணுச் சோதனைக்கு வெளியூர் ஆய்வகத்துக்கு ஒரு பகுதி போனது. பல மாதம் கழித்து விடை வந்தது: டின்னில் விற்கிற அமெரிக்க வகை. இரண்டாம் அத்தியாயம் முழுதாகக் கிழிந்தது. ஆனால் மற்ற எல்லாம் நின்றது. எவ்வளவு உப்பைத் தாங்கியது, எத்தனை குஞ்சு போட்டது என்ற அளவுகள் அந்தப் பெண் பூச்சிகளின் உடம்பிலிருந்து எடுத்தவை. அவற்றின் பெயர் மாறியதே தவிர அளவு மாறவில்லை. அந்தப் பழைய அடிக்குறிப்பு ஒரு முழு அத்தியாயமாக வளர்ந்தது. அடுத்த பருவத்தில் ஆண்களையும் சேர்த்துத் தொட்டியில் விட்டார், குஞ்சுகள் நிற்காமல் வந்தன. ஜூனியர் பெண்ணிடம் யமுனா எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண், "அப்பவே சொன்னேன்ல அக்கா, நான் தண்ணி மாத்துனேன்னு" என்று சொல்லிவிட்டு அழுதது.

யமுனா இப்போது வானூர் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறார். நல்ல வேலை. முதலில் கிடைத்த வேலையைவிட நல்லதா என்று நான் அவரிடம் கேட்டதில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு நானும் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்தேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். அரை மணி நேரம் உப்பைப் பற்றியே கேட்டார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "இந்த அமெரிக்க வகை வர்றதுக்கு முன்னாடி, அந்தப் பாத்தியில நம்ம உள்ளூர் வகை இருந்துதா?"

இருந்தது என்று சொல்லிவிடலாம். முதல் வருடம் யமுனாவே தன் நோட்டில் ஆண் இல்லை என்று எழுதியிருந்தார். அஞ்சலை சொன்னதும் அதோடு ஒத்துப்போகிறது. அப்படிச் சொன்னால் ஆய்வுக்கே ஒரு எடுப்பு வரும்.

"தெரியாது சார்," என்றார் யமுனா. "மொத வருஷம் நானும் பெரிசாப் பாத்துப் பொறுக்கித்தான் எடுத்தேன். அந்த நோட்ட ஆதாரமா எடுத்துக்க முடியாது."

தேர்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏதோ எழுதினார். மேடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு. முனைவர் பட்டம் எந்த நிமிடத்தில் கிடைத்தது என்று என்னைக் கேட்டால் அந்த நிமிடத்தைத்தான் சொல்வேன்.

ஓய்வு பெற்ற பிறகு நான் இந்தக் கேள்வியை விடவில்லை. முதல் வருடத்துப் பாட்டில்களைத் தேடினேன். துறை புதுக் கட்டடத்துக்கு மாறிய கோடையில் மூடி தளர்ந்து ஸ்பிரிட் வற்றி, உள்ளே இருந்தது தூளாகிவிட்டது. அஞ்சலையின் வீட்டுக்குப் போய் மகளின் கல்யாணப் பத்திரிகையைக் கேட்டு வாங்கிப் பார்த்து, தேதியைக் குறித்துக்கொண்டேன். யமுனா கடைசியாகத் தானே வலை போட்டு ஏழு வாரம் கழித்துத்தான் அந்தக் கல்யாணம். டெம்போ எந்தப் பண்ணையுடையது, எந்த நாளில் வந்தது, டிரம்மில் என்ன இருந்தது என்று அக்கம்பக்கத்தில் மூன்று பேரிடம் விசாரித்தேன். இரண்டு பேர் டெம்போவைப் பார்த்ததாகவே சொல்லவில்லை. ஒருவர் அது கல்யாணத்துக்கு முன்பு என்கிறார். அஞ்சலை பின்பு என்கிறார்.

ஆகவே, மரக்காணம் ஆறாம் பாத்தியில் ஆணில்லாத உள்ளூர் வகை எப்போதாவது வாழ்ந்ததா என்பது இதை எழுதும் இன்று வரை உறுதி செய்யப்படவில்லை.